மழைக்கு இறுகும் கதவு, திரும்ப மறுக்கும் பூட்டு: ஹார்டுவேர் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் சென்னை ஹார்டுவேர் கடைகளில் மூன்று புகார்கள்தான் மாறி மாறி வரும். கதவு இறுகிவிட்டது, சாவி திரும்பவில்லை, ஜன்னலோரம் தண்ணீர் இறங்குகிறது. மூன்றுக்கும் சேர்த்து கவுன்டரில் பதில் ஒன்று தயாராக இருக்கும். பெரும்பாலும் அது ஒரு ஸ்ப்ரே டப்பா. அந்த டப்பா தொடங்கி ரப்பர் பட்டை, சிலிக்கான், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கீல், டிஜிட்டல் பூட்டு வரை, கடலோர ஊர்களில் இந்தப் பருவத்தில் அதிகம் விலைபோகும் சரக்கை இங்கே எடைபோடுகிறோம். இவற்றில் பல தரமான பொருட்கள்தான். ஆனால் தவறான கோளாறுக்கு விற்கப்படுகின்றன. அதனால் பணத்தை எடுக்கும் முன் கதவை ஐந்து நிமிடம் பாருங்கள்.

இறுகும் கதவெல்லாம் ஊதிய கதவு அல்ல. மூடும்போது எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பூட்டு இருக்கும் பக்கத்தின் மேல் மூலை மட்டும் நிலையில் உரசி, கீல் பக்கம் மேலே இடைவெளி அகன்று தெரிந்தால் கதவு தொங்கிவிட்டது என்று பொருள். மேல் கீலின் ஸ்க்ரூ ஆடுகிறது. இதற்கு ஸ்ப்ரேயும் வேண்டாம், இழைப்புளியும் வேண்டாம். ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டைக்குள் ஃபெவிகால் மரைன் தடவிய மூங்கில் குச்சியை அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, 2 அங்குல ஸ்க்ரூவை முடுக்கினால் போதும். பழைய ஸ்க்ரூ பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம்தான் இருக்கும்; நீளமானது நிலையின் ஆழத்தில் உள்ள புது மரத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் ஈரத்தில் இளகும் என்பதால்தான் மரைன் கேட்கச் சொல்கிறோம்.

பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக உரசினால் அது ஊதல். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. ரேகைக்குக் குறுக்கே, அகலத்தில்தான் விரியும். தேக்கை மரத்திலேயே அடக்கமானது என்பார்கள். அதுவே வெட்டிய பச்சை ஈரத்திலிருந்து முழுக்கக் காயும்வரை, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும் நடுத்தண்டை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும் சுருங்கும். அறுப்பு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே மரத்தின் இரண்டு பலகைகள் வேறு வேறு அளவு ஊதுவது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெயில் காலத்துக்கும் அடைமழைக்கும் இடையில் மரத்தின் ஈரம் 5 சதவீதப் புள்ளி ஏறுகிறது என்று வையுங்கள். மோசமான அறுப்பில் தேக்கு அகலத்தில் சுமார் 1 சதவீதம் விரியும். பலகைகளைச் சேர்த்து அடித்த 90 செ.மீ. கதவு என்றால் 9 மி.மீ.; நிலைக்குள் நிற்கவே இடமில்லை. சட்டமும் பேனலுமாகச் செய்த கதவில் பேனல், சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் தளர்வாக மிதக்கும்; அதன் விரிவைக் காடியே விழுங்கிவிடும். வெளியே தெரிவது இரண்டு பக்கச் சட்டங்களின் விரிவு மட்டும். சட்டம் 10 செ.மீ. அகலம் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 2 மி.மீ. பேனல் கதவு சும்மா அழகுக்காக வந்த வடிவம் அல்ல. பேனலைக் காடியில் பசைபோட்டு ஒட்டிவிடும் அவசரக்காரர்களும் உண்டு. அந்தக் கதவு மழையில் சட்டத்தின் மூட்டுகளை நெம்பும், சித்திரையில் நடுவில் வெடிக்கும்.

இதனால்தான் கார்த்திகையில் இழைப்புளியோடு கார்பென்டர் வந்து நின்றால், தை வரட்டும் என்று சொல்லி அனுப்புங்கள். கதவு ஊதியிருக்கும்போது 3 மி.மீ. சீவினால் பங்குனியில் அந்த 3 மி.மீ. வழியாகத் தெருவே தெரியும்; பூட்டின் நாக்கும் நிலையில் போதுமான அளவு நுழையாது. அதுவரை உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் சமாளிக்கலாம். கதவு திறக்கவே மறுக்கிறது, காத்திருக்க முடியாது என்றால் 1 மி.மீ. மட்டும் சீவலாம். எங்கே சீவ வேண்டும் என்று காட்ட ஒரு கார்பன் தாளை நிலைக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடித் திறந்தால் போதும். சீவிய இடம் பூச்சில்லாத வெறும் மரம். அதை அப்படியே விட்டால் அடுத்த மழைக்கு இன்னும் வேகமாக ஊதும். மழை விட்டதும் பிரைமர் அடிக்க வேண்டும்.

பிரைமர் என்றதும் ஒரு சோதனை. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கதவுக்கு அடியில் தரையில் நகர்த்தி, டார்ச் அடித்து, கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள். எத்தனை லட்சம் செலவழித்துக் கட்டிய வீடாக இருந்தாலும் அங்கே பெயின்ட் இருக்காது. மாட்டிய பிறகு பெயின்டருக்குக் கை எட்டாது. மாட்டும் முன் கார்பென்டருக்கு அது தன் வேலையாகத் தோன்றாது. மரத்தின் வெட்டுமுனை, அதாவது ரேகைக்குக் குறுக்கே அறுபட்ட முகம், பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். பக்கச் சட்டங்களின் வெட்டுமுனை மேல்விளிம்பிலும் அந்த அடிவிளிம்பிலும்தான் இருக்கிறது. தரை துடைக்கும் தண்ணீர், சாரல் எல்லாம் அடியில்தான் நிற்கும். ஆக, இந்தக் கட்டுரையில் நாங்கள் சிபாரிசு செய்யும் முதல் பொருள் 200 மி.லி. வுட் பிரைமரும் அதே அளவு எனாமலும்தான். கதவைக் கழற்றி, அடியும் மேலும் இரண்டிரண்டு கோட். வேலை கோடையில் நடக்க வேண்டும். ஈர மரத்தின்மேல் அடித்த பெயின்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்து, பிறகு கொப்பளிக்கும்.

பெயின்ட் வேண்டாம், மர ரேகை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு: ஃபிரெஞ்சு பாலிஷ் வாசல் கதவுக்கு லாயக்கில்லை. அது அரக்கு, தண்ணீர் பட்டால் வெள்ளை பூக்கும். மெலமைன் பாலிஷ் வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு நன்றாக இருக்கும், சாரல் படும் கதவில் ஓரிரு பருவத்தில் உரியும். வாசலுக்கு வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பியு (பாலியூரிதேன்) பாலிஷ்தான் சரி. டப்பாவில் அது வெளிப்புறத்துக்கானது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் உள்புற பியு என்று ஒன்று விலை குறைவாகக் கிடைக்கும். அது வெயிலில் மஞ்சளாகும். எதுவானாலும் மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் படலத்தில் சிக்கிப் பால்போல் மங்கும்.

அறைக் கதவுகளுக்கு வரும் ஃப்ளஷ் டோர் (இருபுறமும் பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு) விஷயத்தில் முத்திரையைப் படிக்காமல் வாங்காதீர்கள். ஐஎஸ் 2202 என்ற இந்தியத் தர எண்ணும் பிடபிள்யூபி என்ற எழுத்தும் இருந்தால், கொதிநீரைத் தாங்கும் பீனால் பசையில் ஒட்டியது. எம்ஆர் என்றால் யூரியா பசை. ஈரக் காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. எம்ஆர் பிளையைக் கடையில் வாட்டர் புரூஃப் என்று விற்பது நடக்கிறது. பிடபிள்யூபியாக இருந்தாலும் அளவுக்கு அறுத்த பிறகு அறுத்த விளிம்பு திறந்த காயம்தான். அதற்குக் கட்டை அடித்து பிரைமர் பூச வேண்டும்.

பாத்ரூமுக்கு மரமே வேண்டாம். உள்ளே வெற்றிடம் உள்ள பிவிசி கதவு மலிவு, ஊதாது, ஆனால் தொய்யும். கீல் பிடிப்பு முதலில் போகும். டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) கனமானது, தண்ணீருக்கு அசையாது. கனம் அதிகம் என்பதால் 7 அடிக் கதவுக்கு மூன்று கீலுக்குக் குறையக் கூடாது, நான்கு நல்லது. ஸ்க்ரூவுக்கு முன் துளை போடாமல் முடுக்கினால் பிளக்கும். எஃப்ஆர்பி (கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்) இரண்டுக்கும் நடுவில். கதவு எதுவானாலும் நிலையைக் கிரானைட்டிலோ டபிள்யூபிசியிலோ வையுங்கள். பாத்ரூமில் அழுகுவது முதலில் நிலைக்காலின் அடி ஆறு அங்குலம்தான்.

இனி பூட்டு. கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். திறந்த நிலையில் லேசாகத் திரும்பி, மூடினால் மட்டும் அடம்பிடித்தால், பூட்டில் குறையே இல்லை. கதவு ஊதியோ தொங்கியோ இடம் மாறியதால், பூட்டின் நாக்கு நிலையில் உள்ள தகட்டின் விளிம்பில் முட்டுகிறது. நாக்கின் முனையில் சுண்ணக்கட்டி தடவி மூடிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தகட்டில் பதியும். அந்தப் பக்கம் அரத்தால் 1 அல்லது 2 மி.மீ. ராவினால் தீர்ந்தது. மழைக்காலத்தில் சாவி பூட்டுக்குள் ஒடிவதற்குப் பெரிய காரணமே இதுதான்: முட்டிக்கொண்டு நிற்கும் நாக்கை சாவியின் பலத்தால் இழுக்கப் பார்ப்பது. அப்படி நிற்கும்போது கைப்பிடியைப் பிடித்துக் கதவை உங்கள் பக்கம் இழுத்தோ, தோளால் தள்ளியோ, சற்றே மேலே தூக்கியோ சாவியைத் திருப்புங்கள். எந்தத் திசையில் இளகுகிறதோ அதுதான் நோயின் திசை.

திறந்த நிலையிலும் கனமாகத் திரும்பினால்தான் உள்ளே கோளாறு. அப்போதுதான் ஸ்ப்ரே டப்பாவுக்கு வேலை வருகிறது. டபிள்யூடி-40 பிறந்தது 1953இல், அமெரிக்காவின் சான் டியாகோவில். ஏவுகணையின் உலோகத் தோலில் ஈரம் தங்காமல் விரட்டச் செய்த கலவை. இன்றைக்கும் அதன் பலம் அதுவே. நனைந்த பூட்டிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளும், லேசான துருவை இளக்கும். அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகும் கரைப்பான். போனபின் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். அதை நிரந்தர மசகு என்று நம்பி மாதாமாதம் அடித்தால், படலத்தில் தூசி சேர்ந்து பூட்டுக்குள் கறுப்புச் சேறு உருவாகும். சிலிண்டர் பூட்டின் பின்கள் (சாவி தூக்கும் சின்ன ஊசிகள்) மில்லிமீட்டர் கணக்கில் நகர்பவை; அந்தச் சேறே அவற்றை நிறுத்திவிடும். எங்கள் தீர்ப்பு: கழுவுவதற்கு முதல்தரம், காப்பதற்கு மூன்றாம்தரம்.

பயன்படுத்தும் முறை இப்படி இருக்கட்டும். சிவப்புக் குழாயைச் சாவித் துவாரத்தில் நுழைத்து இரண்டு நொடி அடியுங்கள். கீழே பழைய துணி பிடித்துக்கொள்ளுங்கள், கறுப்பு நீர் வழியும். சாவியைப் பத்துத் தடவை உள்ளே விட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் துடையுங்கள். சாவி சுத்தமாக வரும்வரை திரும்பச் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு, அதன்பின் பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்த உலர் மசகு ஸ்ப்ரேயை ஒரு நொடி அடியுங்கள். இது காய்ந்து வெள்ளைத் துகள் படலமாக நிற்கும், தூசி பிடிக்காது. ஆண்டுக்கு இரண்டு முறை போதும், ஒன்று புரட்டாசியில். எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பது மட்டும்தான் குறை. இருசக்கர வண்டி உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வண்டிச் செயினுக்கான ஒட்டும் மசகைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அது வேண்டாம்.

கிராஃபைட் பொடியைப் பூட்டுக்காரர்கள் விரும்புவார்கள். உலர்ந்த ஊரில், உலர்ந்த பித்தளைப் பூட்டில் அருமையான பொருள். பெசன்ட் நகர், திருவொற்றியூர் போல உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் யோசிக்க வேண்டும். கிராஃபைட் மின்சாரம் கடத்தும். உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் பக்கத்தில் உள்ள துத்தநாகம், அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அரிப்பைத் தூண்டும். விலை குறைந்த பூட்டுகளின் உடல் துத்தநாகக் கலவைதான். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட்டைத் தூவுவதும் கூடாது, இரண்டும் சேர்ந்து பசையாகும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் தீராது, எல்லா வீட்டிலும் அதுதான் முதல் கை. ஊற்றியவுடன் திரும்பும், சந்தேகமில்லை. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழி விடியற்காலையில் பாட்டிலில் உறைவது பூட்டுக்குள்ளும் உறையும். நாளாக ஆகப் பிசுபிசுக்கும், எறும்பு வரும். தையல் மெஷின் எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேல். கீலுக்கும், உள்ளே தகடுகள் நகரும் லீவர் பூட்டுக்கும் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். ஆல்ட்ராப், டவர் போல்ட் போன்ற தாழ்ப்பாள்கள், தொங்குபூட்டின் வளையம் இவற்றுக்கெல்லாம் வாசலின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவினால் ஒரு பருவம் முழுக்கத் துரு அண்டாது. இவ்வளவு மலிவாக இவ்வளவு நன்றாக வேலை செய்யும் பொருள் இந்த அலமாரியில் வேறு இல்லை. கிரீஸ், வாசல் கேட்டின் கீலுக்கு மட்டும். சாவித் துவாரத்துக்குள் ஒருபோதும் வேண்டாம்.

தொங்குபூட்டு வாங்கும்போது உடல் பித்தளையா என்பதைவிட வளையமும் உள் ஸ்பிரிங்கும் எதனால் ஆனவை என்று பாருங்கள். வெளியே பித்தளையாகப் பளபளக்கும் பூட்டு உள்ளே துருவேறிய இரும்பு ஸ்பிரிங்கால்தான் செத்துப்போகும். அடியில் சாவித் துவாரம் தவிர சின்ன வடிகால் துளை இருந்தால் அது வெளிப்புறத்துக்காக யோசித்துச் செய்த பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு லீவர் வகை. உள்ளே இடைவெளி தாராளம், ஒரு துளி துருவுக்கெல்லாம் சிலிண்டர் பூட்டைப்போல மக்கர் பண்ணாது. சரியான கைவேலை கிடைத்தால் கேட்டுக்கு நாங்கள் அதையே எடுப்போம். இரும்பு உடல் என்றால் எண்ணெயை மறக்கக் கூடாது. தொங்குபூட்டுக்கு மேல் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு மடிப்பைத் தொங்கவிட்டால் சாவித் துவாரத்தில் சாரல் இறங்காது. பார்க்க நன்றாக இருக்காது, வேலை செய்யும்.

எஸ்எஸ் கீலில் 304 என்ற தர எண் பொறித்திருந்தால் ஊருக்குள் போதும். 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த சரக்கு; புதிதில் வித்தியாசம் தெரியாது, கடற்கரையில் ஒரே பருவத்தில் தேநீர் நிறத் துருக்கறை படியும். காந்தம் வைத்துப் பார்ப்பது பயனில்லாத சோதனை, இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு என்றால், மாலிப்டினம் சேர்ந்த 316. விலை கடிக்கும், வெளிக்கதவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஸ்க்ரூவும் அதே தரத்தில் இருக்க வேண்டும். 304 கீலில் இரும்பு ஸ்க்ரூ போட்டால் ஸ்க்ரூ தலை முதலில் கரையும்.

ஜன்னலில் தண்ணீர் இறங்கினால் உடனே சிலிக்கான் துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறார்கள். ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால், அலுமினியமோ யுபிவிசியோ, கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கம் வடிகால் துளைகள் இருக்கும். தடத்தில் விழும் மழைநீர் அதன் வழியாக வெளியேற வேண்டும். அவை மண்ணாலோ, பெயின்டரின் பட்டியாலோ அடைபட்டால் தடம் நிரம்பி வீட்டுக்குள் வழியும். துணி மாட்டும் கம்பி ஒன்றும் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும்: தடத்தில் ஊற்றுங்கள், அரை நிமிடத்தில் வெளியே வடியாவிட்டால் துளையைக் குத்தி விடுங்கள். ஒழுகுகிறது என்று அந்தத் துளைகளுக்கே சிலிக்கான் அடித்து வைத்த வீடுகளும் உண்டு. அவற்றை யாராலும் காப்பாற்ற முடியாது.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வெடிப்புதான் சிலிக்கானின் இடம். அங்கேயும் வகை பார்த்து வாங்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் அசிட்டிக் வகை மலிவு. கண்ணாடியில் நன்றாக ஒட்டும், சிமென்டில் ஒட்டாது, உலோகத்தையும் அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதைக் கேளுங்கள். சிலிக்கான் இறுகக் காற்றில் ஈரம் வேண்டும், ஆனால் ஈரச் சுவரில் ஒட்டவே ஒட்டாது. மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு, பழையதைப் பிளேடால் சுத்தமாகச் சுரண்டி, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 6 மி.மீ. அகலத்துக்கு இழுங்கள். நாளொன்றுக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. பெயின்ட் அடித்தே ஆக வேண்டிய இடத்துக்கு பியு சீலன்ட். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் நீர் வடியும் காடி இல்லாவிட்டால் தண்ணீர் அதன் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடி ஜன்னல் தலைக்கு வரும், எத்தனை டியூப் தீர்த்தாலும் நிற்காது.

கதவுக்கு அடியில் மாட்டும் துணி உறைபோட்ட ஃபோம் உருளை இணையத்தில் ஓகோவென்று விற்கிறது. ஏசிக் காற்றும் கரப்பானும் தடுக்க ஓகே. வாசலிலும் பால்கனியிலும் மாட்டவே கூடாது: சாரலை உறிஞ்சி, பெயின்ட் காணாத அந்த அடிவிளிம்பை நாள் முழுக்க ஈரத்திலேயே வைத்திருக்கும். அலுமினியப் பட்டையில் ரப்பர் செருகி ஸ்க்ரூ போடும் வகையை வாங்குங்கள். நிலையைச் சுற்றி ஒட்டும் பட்டையிலும் மஞ்சள் ஃபோம் வேண்டாம், வெயில், மழை தாங்கும் ஈபிடிஎம் ரப்பர் கேளுங்கள். ஊதும் மரக்கதவில் 2 மி.மீ.க்கு மேல் தடித்த பட்டை ஒட்டினால், மழையில் மூடவே மூடாது.

டிஜிட்டல் பூட்டு சுருக்கமாக. வெளிக்கூட்டின் ஐபி எண் (தூசியும் நீரும் புகாத அளவைக் குறிக்கும் எண்) எவ்வளவு என்று விற்பவரிடம் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் திறந்த வராந்தாக் கதவுக்கு வேண்டாம். நனைந்து ஊறிச் சுருங்கிய விரலை ரேகை சென்சார் ஏற்க மறுக்கும், அதனால் எண் பலகை உள்ளதாக எடுங்கள். கதவு ஊதி நாக்கு முட்டினால் மோட்டார் திணறி பேட்டரியைத் தின்னும், எனவே மேலே சொன்ன தகடு ராவும் வேலை இதற்கும் உண்டு. சாவித் துவாரம் இல்லாத மாடலைத் தவிர்த்துவிடுங்கள். பேட்டரி செத்தால் வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுத் திறக்கும் முனை பலவற்றில் இருக்கிறது. அந்த பேட்டரியை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் அநேகம். பைக் சீட்டுக்கு அடியில் பாலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.